மறுவிலையார்

ஈச்சனாரி பிள்ளையார் கோயில் வாசலில் என் புது வண்டிக்குப் பூஜை நடந்துகொண்டிருந்தது. குருக்கள் பானெட்டில் சந்தனம் தடவி, மாலை சாத்தி, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, "எடுங்க" என்றார். சாவியைத் திருப்பினேன். அந்த நேரம் பார்த்து ஜன்னல் கண்ணாடியை மோதிரம் போட்ட விரல் ஒன்று தட்டியது. எங்கள் வீதிக்காரர். வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறார் என்று கண்ணாடியை இறக்கினேன்.

"வண்டி நல்லா இருக்குதுங்க தம்பி. வித்தா என்ன போகும்?"

பழம் இன்னும் நசுங்கக்கூட இல்லை.

அன்றைக்கு நான் அவருக்கு வைத்த பெயர்தான் மறுவிலையார். பெயரைக் கேட்டால் நாயன்மார் வரிசையில் விட்டுப்போன ஒருவர் போலத் தோன்றும். பக்தியில் குறைந்தவரும் அல்லர். மற்றவர்கள் காரை வாங்கும்போது அதில் ஏறிப் போகப்போகிற ஊர்களை நினைப்பார்கள். மறுவிலையார் ஐந்தாறு வருடம் கழித்து அதை வாங்க வரப்போகும், முகம் தெரியாத ஒரு மனிதரை நினைப்பார். அந்த மனிதருக்குப் பிடித்த நிறம், பிடித்த இன்ஜின், பிடித்த எண். மனைவிக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அந்த முகம் தெரியாதவருக்கு வெள்ளைதான் பிடிக்கும் என்பது மட்டும் தெளிவாகத் தெரியும்.

இவரைப் போல ஒருவர் உங்கள் வீதியிலும் இருப்பார். திருப்பூரில் என்றால் பனியன் வியாபாரியாக இருப்பார், திருச்சியில் என்றால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக. எங்களுக்கு வாய்த்தவர் மின்வாரியத்தில் இருந்து 2019-ல் ஓய்வு பெற்றவர்.

விற்கும் விலைக்காகவே வண்டி வாங்க வேண்டும் என்ற அவருடைய நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழி முழுக்க அவர் தலையில் விழும். அவர் வாலிபராக இருந்தபோது பஜாஜ் சேட்டக்குக்குப் பணம் கட்டிப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பதிந்தவர் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பிறகு, ஸ்கூட்டர் வந்திருக்கிறது என்று கடிதம் வரும். வந்த அன்றே அதைக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொள்ள ஷோரூம் வாசலில் ஆள் நிற்பார். 1983 டிசம்பரில் மாருதி 800 இறங்கியபோதும் அதே கதைதான். வண்டியைக் கண்ணால் காணும் முன்பே, பதிந்த சீட்டுக்குப் பிரீமியம் கொடுத்தார்கள். ஒரு வண்டியை வாங்கினால் விலை ஏறும் என்ற உலகத்தை இருபத்திரண்டு வயதில் பார்த்துவிட்ட கண்கள் அவருடையவை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து சான்ட்ரோவும், அதே வருடம் டாடாவின் இண்டிகாவும் வந்து, பணத்தை நீட்டினால் சாவி கிடைக்கும் என்று ஆனபோது ஊரே மகிழ்ந்தது. அவருக்கு மட்டும் அது கலிகாலத்தின் தொடக்கம். வரிசை இல்லாத இடத்தில் விலை எப்படி நிற்கும்?

அவருடைய பார்வையில் கார் என்பது நகை. ஷோரூம் விலைதான் தங்கம். வாழ்நாள் வரி செய்கூலி, இன்சூரன்ஸ் சேதாரம். செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது என்பதைப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த எந்தத் தகப்பனுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி ஏறி, பத்து லட்சத்தைத் தாண்டுகிற வண்டிக்கு 18 சதவீதம் என்று ஆனபோது, அந்த நேரத்தில் வண்டி வாங்காதவர்களில் அதற்காக மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இன்சூரன்ஸ்காரர்கள் வண்டியின் மதிப்பைக் குறைக்கும் அட்டவணை அவருக்கு மனப்பாடம். வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். "ஆறு மாசம் வரைக்கும் அஞ்சு பர்சன்ட். ஒரு வருசம் வரைக்கும் பதினஞ்சு. ரெண்டாவது வருசம் இருவது, மூணாவது முப்பது, நாலாவது நாப்பது, அஞ்சாவது அம்பது." அதற்கு மேல் நீங்களும் கம்பெனியும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது. ஷோரூம் வாசலில் இருந்து சாலையில் சக்கரம் பட்டதும் ஐந்து சதவீதம் ஆவியாகிவிடுகிறது என்பதை அவரால் ஜீரணிக்கவே முடியவில்லை. டெலிவரி எடுத்த அன்று வண்டியை அவர் ஓட்டியதைப் பார்த்தவர்கள், சக்கரம் தரையில் படாமல் ஓட்ட முயன்றார் என்றுதான் சொல்வார்கள்.

அந்த டெலிவரி நடந்தது 2020 ஜனவரியில். டிசம்பரிலேயே வண்டி நின்றது, தள்ளுபடியும் இருந்தது. ஆனால் டிசம்பரில் பிறந்த வண்டிக்கு ஜனவரியில் ஒரு வயது ஆகிவிடும். மார்கழியில் பிறந்த பிள்ளைக்குக்கூட அந்தக் கொடுமை கிடையாது. ஆகவே ஜனவரி வரை காத்திருந்து, சேசிஸ் எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் வருட எழுத்தையும் மாத எழுத்தையும் டார்ச் அடித்துப் படித்த பிறகே கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் ஏப்ரல் 1 முதல், பழைய புகை விதிப்படி செய்த பி.எஸ். 4 வண்டிகளை விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்தது. ஷோரூம்காரர்கள் பி.எஸ். 4 வண்டிகளை ஆடித் தள்ளுபடி போல வாரிக் கொடுத்தார்கள். அப்படி வாரிக் கொடுத்ததில் ஒன்றைத்தான் நான் சிவப்பு நிறத்தில் வாங்கிக்கொண்டு ஈச்சனாரியில் நின்றிருந்தேன். அவர் பி.எஸ். 6 வண்டியைத் தள்ளுபடி இல்லாமல் வாங்கினார். வெள்ளை, நாலு மீட்டருக்குள், பத்து லட்சத்துக்குள், கூட்டினால் எட்டு வராத எண். எட்டில் அவருக்கு நம்பிக்கை கிடையாது, பகுத்தறிவாளர். "நமக்கு நம்பிக்கை இல்லீங்க. வாங்கறவனுக்கு இருந்துருச்சுன்னா?"

இதில் சன்ரூஃப் விஷயம் தனி. வெயில் கொளுத்தும் நாட்டில் கூரையில் ஓட்டை போட்டு வண்டி விற்கிறார்களே என்று பல வருடம் கேலி செய்தவர் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய வண்டி விற்கும் ஆட்டோ கன்சல்டிங் கடையில், "சன்ரூஃப் இருந்தா வண்டி சீக்கிரம் கைமாறுதுங்க" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தது. மறுநாளே கட்சி மாறிவிட்டார். சன்ரூஃப் உள்ள வண்டியே வந்தது. வந்ததும் முதல் வேலையாக அதன் ஸ்விட்சின் மேல் செலோடேப் ஒட்டினார். "அதென்னங்க மேல?" என்று கேட்ட மனைவியிடம், "வெளிச்சத்துக்கு வச்ச கண்ணாடி, கை வெக்காத" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாளும் கை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு வண்டி அனுபவித்த சுகத்தை மனிதர்கள் அனுபவித்தால் நூறு வயது வாழலாம். சீட்டுகளின் பாலித்தீன் உறை பிரிக்கப்படவில்லை. வெயிலில் ஏறி உட்கார்ந்தால் முதுகு ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் பிளாஸ்திரி பிரிக்கிற சத்தம் வரும். கதவின் உள்பக்கத்து நீல ஃபிலிம் அப்படியே. வண்டிக்குள் தின்பண்டம் கூடாது. பேரன் வாயில் மிட்டாய் இருந்தால் கரையும் வரை வெளியே நிற்க வேண்டும். வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் விலை போகாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இவர் பாதுகாப்புக்காக ஐந்தாயிரத்துக்குள் நிறுத்திக்கொண்டார். குடும்பம் பழனிக்குப் பஸ்ஸில் போனது. கார் உறை போர்த்திக்கொண்டு போர்டிகோவில் ஓய்வெடுத்தது. பஸ் நெரிசலில் அந்த அம்மாளுக்குக் கால் மரத்துப்போனது, ஆனால் மீட்டர் அசையவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அவர் முகத்தில் கண்ட சாந்தம் மறக்க முடியாதது. ஊரில் எல்லார் மீட்டரும் நின்றுபோன சமதர்ம காலம் அது. அதன்பின் சில்லுத் தட்டுப்பாடு வந்து, புது வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தபோது, பழைய வண்டிகளின் விலை மெய்யாகவே ஏறியது. சேட்டக் காலம் திரும்பிவிட்டது! தினமும் சாயங்காலம் கன்சல்டிங் கடைக்குப் போய் விலை கேட்டுவிட்டு வந்து, வீட்டில் பால் பாயசம் குடித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார். "வித்துர வேண்டியதுதானுங்களே" என்றேன். "இன்னும் ஏறுமுங்க தம்பி" என்றார். தங்கம் வைத்திருப்பவரும் நிலம் வைத்திருப்பவரும் சொல்லும் அதே வாக்கியம். ஏறவில்லை.

மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை மருதமலைக்குப் போவார்கள், இவர் கன்சல்டிங் கடைகளுக்கு. விற்க அல்ல, வாங்கவும் அல்ல, தரிசனத்துக்கு. அங்கே அவர் கற்ற வித்தைகள் எனக்கும் உதவியிருக்கின்றன, அதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். ஒரு நண்பருக்குப் பழைய வண்டி பார்க்கப் போனபோது மறுவிலையாரையும் கூட்டிப்போனேன். தரகர், "டாக்டர் வண்டிங்க, சிங்கிள் ஓனர்" என்றார். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வருகிற பழைய கார்களை வைத்துக் கணக்குப் போட்டால் வீட்டுக்கு ரெண்டு டாக்டர் இருக்க வேண்டும். மறுவிலையார் ஒன்றும் பேசவில்லை. கதவு ரப்பரை விலக்கி பில்லரைப் பார்த்தார். பானெட்டைத் தூக்கி, போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்த்தார். பிரேக் பெடல் ரப்பரைத் தொட்டு, "முப்பதாயிரம்தான் ஓடுச்சுன்னு மீட்டர் சொல்லுது, ரப்பர் லட்சத்த தாண்டுனேங்குதே?" என்றார். கடைசியாக, டிரைவர் சீட் பெல்ட்டை அடிவரை இழுத்தார். அடிப்பட்டையில் காய்ந்த சேற்றின் கோடு. "இது எந்த வெள்ளமுங்க? 2015-ஆ, 2023-ஆ?" தரகர் டீ வாங்கிவரப் போனவர் திரும்பி வரவேயில்லை.

துக்கம் விசாரிக்கவும் அவருக்கு நிகர் அவர்தான். 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலை மூடப்போகிறது என்று செய்தி வந்த மறுநாள் காலை, எங்கள் வீதியில் எக்கோஸ்போர்ட் வைத்திருந்த வங்கி ஊழியர் வீட்டுத் திண்ணையில் மறுவிலையார் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு இல்லை, பேச்சு தணிந்திருந்தது. "எப்ப கேள்விப்பட்டீங்க? ... 2017-ல செவர்லே போனப்பவே நெனச்சேன். ... மனச தளர விட்டுறாதீங்க." காபி கொண்டுவந்த அந்த வீட்டு அம்மாள், யார் போய்விட்டார்கள் என்று தெரியாமல் உள்ளே ஓடி மாமியாருக்குப் போன் செய்தார். வங்கி ஊழியருக்கோ ஒரு கவலையும் இல்லை. சர்வீஸும் பாகங்களும் கிடைக்கும் என்று கம்பெனி சொல்லியிருந்தது, வண்டியும் அவருக்குப் பிடித்திருந்தது, இன்றும் அதில்தான் வால்பாறைக்குப் போய் வருகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் மறுவிலையார் தலையை ஆட்டுவார். துக்கத்தை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு சிரிக்கிறார் பாவம் என்று.

சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் மகன், கம்பெனி மூலம் வண்டியை லீஸுக்கு எடுக்கப்போவதாகச் சொன்னபோது வீட்டில் ஒரு குழப்பம் வந்தது. லீஸ் என்றால் நம் ஊரில் வீட்டுப் போக்கியம். மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது பணத்தை அப்படியே வாங்கிக்கொண்டு போவது. மறுவிலையார் மகிழ்ச்சியில் எழுந்தே நின்றுவிட்டார். "நாலு வருசம் ஓட்டிட்டு முழுப் பணமும் திரும்ப வருதா? நூறு பர்சன்ட் ரீசேலா?" மகன் பொறுமையாக விளக்கினான். வண்டி லீஸ் கம்பெனிக்குச் சொந்தம், நாம் மாதாமாதம் வாடகை கட்டுவோம், முடிவில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், வேண்டுமென்றால் மிச்ச மதிப்பைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அவர் முகம் சுருங்கிவிட்டது. விற்கவே முடியாத காரை எதற்கு எடுப்பது? கல்யாணம் ஆகாமலே சீர் கேட்பது மாதிரி அல்லவா இருக்கிறது.

ஆனால் அந்த 'மிச்ச மதிப்பு' என்ற சொல் அவர் காதில் தங்கிவிட்டது. இரவு படுக்கையில் இருந்து எழுந்து மகனுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். விஷயம் இதுதான். 12 லட்ச ரூபாய் வண்டி, நாலு வருட லீஸ். முடிவில் 6 லட்சம் நிற்கும் வண்டி என்று கம்பெனி கணக்குப் போட்டால், கரைகிற 6 லட்சத்தை 48 மாதத்துக்குப் பிரித்து மாதம் 12,500 ரூபாய், வட்டி தனி. 4 லட்சம்தான் நிற்கும் என்று நினைத்தால் மாதம் 16,700-ஐ ஒட்டி வரும். ஒரே விலை வண்டி, ஒரே சாலை, ஆனால் மாதம் நாலாயிரத்துக்கு மேல் வித்தியாசம். விற்கப்போகிறவன் நீ இல்லை என்றாலும் மறுவிலை உன் சம்பளத்தில் கை வைத்துவிடுகிறது. மறுநாள் காலை என் வீட்டு வாசலில் நின்று அறிவித்தார்: "நாஞ் சொன்னா சிரிச்சீங்க. இப்பப் பாத்தீங்களா, கோட்டு போட்டவனும் அதையேதான் பண்றான்!" இதில் அவரை மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

பேச இருந்தது வேறு ஓர் இடத்தில். அதற்கு 2025-க்கு வர வேண்டும். அந்த வருடம் ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டை உரையில் ஜி.எஸ்.டி. குறையப்போகிறது என்று பிரதமர் சொன்னார். செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குட்பட்ட சின்ன பெட்ரோல் கார்களுக்கு, செஸ்ஸும் சேர்த்து 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. ஊர் முழுக்கப் பட்டாசு. மறுவிலையார் வீட்டில் இழவு. புதுசின் விலை இறங்கினால் பழசும் கூடவே இறங்கும். நேற்றுவரை 6 லட்சத்து 80 ஆயிரம் சொன்ன கடைக்காரர், 6 லட்சத்து 20 ஆயிரம் என்றார். ஐந்தே முக்கால் வருடம் பஸ்ஸில் போய்ச் சேமித்தது, ஜி.எஸ்.டி. பேசிய ஒரு கூட்டத்தின் முடிவில் கரைந்துபோனது. "நான் யாருக்கு என்ன துரோகம் பண்ணேன்?" என்று கேட்டார். நிதியமைச்சரைத்தான் கேட்கிறார் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். அது தவறாகப் போயிற்று. அவர் வண்டி சாலைக்கு வந்த விலை 11 லட்சத்து 30 ஆயிரம், கிடைக்கப்போவது 6.20. கரைந்தது 5 லட்சத்து 10 ஆயிரம். அந்தச் சிவப்பு வண்டியைத் தள்ளுபடி போக நான் எடுத்தது 10 லட்சத்து 10 ஆயிரத்துக்கு, அதே கடைக்காரர் சொன்ன விலை 4.80. கரைந்தது 5 லட்சத்து 30 ஆயிரம். ஆக இத்தனை நோன்புக்கும் அவருக்குக் கிடைத்தது 20 ஆயிரம், நாளுக்குப் பத்து ரூபாய்கூட இல்லை. சதவீதத்தில் பார்த்தால் அவர் ராஜா, ஏனென்றால் அவர் வண்டியில் பாதிக்கு மேல் நிற்கிறது. ரூபாயில் பார்த்தால் நான் தொடக்கத்திலேயே வாங்கிய தள்ளுபடி பெரும்பகுதியைச் சரிக்கட்டிவிட்டது. ஓடிய தூரத்தையும் சேர்த்தேன். என் வண்டி 83 ஆயிரம் கிலோமீட்டர், அவருடையது 24 ஆயிரம். தேய்மானம் எனக்குக் கிலோமீட்டருக்கு ஆறரை ரூபாய்கூட வரவில்லை, அவருக்கு 21 ரூபாய்க்கு மேல். கால் டாக்சி வைத்திருந்தால்கூட டிரைவரோடு சேர்த்து அந்தக் காசுக்கு வந்திருப்பார்கள்.

காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பெருமையோடு சொன்னார்: "ஆனா என்ரதுல மீட்டரு இருபத்தி நாலாயிரந்தானுங்களே."

ஐப்பசியில் ஒரு நல்ல நாளில் வண்டி கைமாறியது. வாங்க வந்தவர் கிணத்துக்கடவுப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர், மனைவி, இரண்டு பிள்ளைகள். இத்தனை வருடம் மறுவிலையார் யாருக்காக வாழ்ந்தாரோ அந்த மனிதர் இதோ நேரில் வந்திருக்கிறார். சர்வீஸ் ரசீதுகளைத் தேதிவாரியாகக் கோத்த ஃபைலை எடுத்து நீட்டினார். தோப்புக்காரர் அதை வாங்கிப் பார்க்காமலே பின் சீட்டில் போட்டார். வெள்ளைக் கலரைப் பற்றிக் கேட்டதற்கு, "கலரு எதா இருந்தா என்னுங்க, மழ பெஞ்சா எல்லாம் சேறுதான்" என்றார். எண்ணைக் கூட்டிப் பார்க்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவர் நெளிந்தார். "இதெதுக்குங்க, வேர்க்குது" என்று பாலித்தீன் உறையை ஒரே இழுப்பில் கிழித்து வாசலில் எறிந்தார். மறுவிலையார் வாயைத் திறந்து மூடினார்.

பிள்ளைகள் ஆளுக்கொரு கடலை மிட்டாயோடு ஏறினார்கள். சின்னவன் முன்சீட்டில் நின்று கூரையைத் தடவினான், டேப்பைப் பிய்த்தான், எதையோ அழுத்தினான். கூரைக் கண்ணாடி ஒரு முனகலோடு பின்னால் நகர்ந்தது. இரண்டு தலைகள் வெளியே வந்தன. வண்டி வீதி முனையில் திரும்பும் வரை அந்தத் தலைகள் ஊரையே பார்த்துக் கை அசைத்துக்கொண்டு போயின.

வாசற்படியில் முகவாயில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் மெதுவாகத் திரும்பினார்.

"ஏனுங்க, அது தொறக்குமுங்களா?"